நிலையான சொத்துகள்: இருப்புநிலைக் குறிப்பின் அந்த ஒற்றை வரியைப் படிப்பது எப்படி?

பங்குகள் வாங்கத் தொடங்கிய காலத்தில் ஓர் ஆலை நிறுவனத்தின் ஆண்டறிக்கை என் கைக்கு வந்தது. நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் நிலையான சொத்துகள் 210 கோடி என்று போட்டிருந்தார்கள். பங்குச் சந்தையிலோ அந்த முழு நிறுவனத்தின் மதிப்பும் 140 கோடிதான். கடனும் பெரிதாக இல்லை. ஆலையை அப்படியே விற்றால்கூட 210 கோடி வருமே என்று நானாகக் கணக்குப் போட்டு, கையிலிருந்த சேமிப்பில் பெரும்பகுதியை அதில் போட்டேன். மூன்று ஆண்டுகளில் ஆலை மூடப்பட்டது. இயந்திரங்கள் பழைய இரும்பின் எடைக்கு விலைபோயின. அவை ஒரே ஒரு பொருளைத் தயாரிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அந்தப் பொருளை வாங்க ஆள் இல்லாமல் போனபோது, அதைச் செய்யும் இயந்திரத்தை வாங்கவும் ஆள் இல்லை.

அந்த 210 கோடி பொய்க் கணக்கு அல்ல. கணக்கர் விதிப்படிதான் எழுதியிருந்தார். அந்த எண் எதைச் சொல்கிறது என்பது எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. அது விற்பனை விலை அல்ல. முன்பே கொடுத்துவிட்ட பணத்தில், இன்னும் செலவாக எழுதப்படாமல் மிச்சமிருக்கும் பகுதி. இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் தானாகவே புரியத் தொடங்கும்.

முதல் படி: எது நிலையான சொத்து என்று பிரித்தறியுங்கள்

"நிலையான" என்ற சொல் பலரைக் குழப்புகிறது. அசையாமல் நிற்கும் பொருள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். லாரியும் விமானமும் கப்பலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அவையும் நிலையான சொத்துகள்தான். ஓராண்டுக்கு மேல் வைத்துப் பயன்படுத்துவதற்காக வாங்கப்பட்டதா, விற்பதற்காக வாங்கப்பட்டதா என்பதே இங்கு கேள்வி. விமானம் தயாரிக்கும் நிறுவனத்துக்கு, முடிந்து நிற்கும் விமானம் சரக்கிருப்பு. அதே விமானத்தை வாங்கிப் பறக்கவிடும் நிறுவனத்துக்கு அது நிலையான சொத்து. பொருள் மாறவில்லை, நோக்கம் மாறியிருக்கிறது.

கட்டடத்தில் இன்னும் ஒரு பிரிவு உண்டு. தானே உட்கார்ந்து வேலை செய்யும் அலுவலகம் நிலையான சொத்துகளில் வரும். வாடகைக்கு விடுவதற்கென்றே வைத்திருக்கும் கட்டடம் முதலீட்டுச் சொத்து என்று தனி வரியில் வரும். தோட்ட நிறுவனங்களைப் படிப்பவர்களுக்கு ஒரு செய்தி: ஆண்டுதோறும் பறிப்பு தரும் தேயிலைச் செடி, திராட்சைக் கொடி, எண்ணெய்ப் பனை போன்றவை சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளின்படி 2016 முதல் இயந்திரத்தைப் போலவே கணக்கிடப்படுகின்றன. அவற்றுக்கும் தேய்மானம் உண்டு. அவற்றில் விளையும் கொழுந்தும் பழமும் மட்டும் தனிக் கணக்கு.

இரண்டாம் படி: அடக்கவிலைக்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்

ஓர் இயந்திரத்தின் அடக்கவிலை என்பது விற்பவரின் பட்டியலில் உள்ள விலை மட்டும் அல்ல. திரும்பப் பெற முடியாத வரி, ஏற்றிக்கொண்டு வந்த செலவு, அடித்தளம் போட்ட செலவு, பொருத்திய கூலி, சரியாக ஓடுகிறதா என்று சோதித்த செலவு எல்லாம் அதில் சேரும். ஆலை கட்டி முடிய நெடுங்காலம் ஆகுமானால், அதற்காக வாங்கிய கடனின் வட்டியும் ஆலை தயாராகும் வரை சேரும். ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்த செலவும், புதிய பொருளுக்குச் செய்த விளம்பரமும் சேராது. இதைச் சர்வதேசக் கணக்கியல் தரநிலை எண் 16 தெளிவாகவே சொல்கிறது.

எது சேரும், எது சேராது என்பதில் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும்? 100 செலவழித்துவிட்டு அதைச் செலவு என்று எழுதினால், இந்த ஆண்டு லாபம் 100 குறையும். அதையே சொத்து என்று எழுதி பத்தாண்டில் தேய்த்தால், இந்த ஆண்டு லாபம் 10 மட்டுமே குறையும். கையை விட்டுப் போன பணம் இரண்டிலும் ஒன்றுதான். முன்னதை வருவாயினச் செலவு என்றும் பின்னதை மூலதனச் செலவு என்றும் பாடப்புத்தகம் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு ஆபத்தானது.

இதற்கு உலகம் மறக்காத உதாரணம் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வேர்ல்ட்காம். தன் வாடிக்கையாளர்களின் அழைப்புகளைக் கொண்டுசேர்க்கப் பிற நிறுவனங்களின் கம்பித் தடங்களைப் பயன்படுத்தியதற்காக அது கட்டணம் செலுத்திவந்தது. அது அந்தந்த மாதமே தீர்ந்துபோகும் செலவு. ஆனால் கணக்கில் அதைச் சொத்தாக மாற்றி எழுதிவிட்டார்கள். நட்டம் லாபமாக மாறியது. சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு இதைத் தோண்டியெடுத்தது. 2002 ஜூனில் 380 கோடி டாலர் இப்படி மாற்றி எழுதப்பட்டிருப்பதாக நிறுவனமே அறிவித்தது. அடுத்த மாதமே திவால் மனு தாக்கல் செய்தது. விசாரணை முடிந்தபோது மொத்த முறைகேட்டின் அளவு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. மிகச் சிக்கலான தந்திரம் எதுவும் இதில் இல்லை. செலவு என்ற இடத்தில் சொத்து என்று எழுதினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே விற்பனை ஏறாமல், உற்பத்தித் திறனும் கூடாமல், நிலையான சொத்துகள் மட்டும் ஆண்டுக்காண்டு பருத்துக்கொண்டே போனால் அந்த இடத்தில் நின்று யோசியுங்கள்.

மூன்றாம் படி: தேய்மானத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

தேய்மானம் என்றதும் இயந்திரம் துருப்பிடிப்பதும் பல்சக்கரம் மழுங்குவதும் நினைவுக்கு வரும். கணக்கியலில் அது அதுவல்ல. ஒரு சொத்துக்குக் கொடுத்த விலையை, அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்குபோட்டுச் செலவாக எழுதுவதே தேய்மானம். பங்குபோட மூன்று எண்கள் வேண்டும்: அடக்கவிலை, பயன்பாட்டு ஆயுள், கடைசியில் கழிக்கும்போது கிடைக்கும் எறிமதிப்பு. முதலாவது மட்டுமே கையில் ரசீது உள்ள எண். மற்ற இரண்டும் நிர்வாகத்தின் கணிப்பு.

100 அடக்கவிலையுள்ள இயந்திரம், ஆயுள் 10 ஆண்டு, எறிமதிப்பு 10 என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 9 தேய்மானம். குறைந்து செல் மதிப்பு முறையில், 20 சதவீதம் என்று கொண்டால், முதல் ஆண்டு 20, அடுத்த ஆண்டு மிச்சமுள்ள 80-ல் 16, அதற்கடுத்து 12.8 என்று இறங்கிக்கொண்டே போகும். முதல் முறையில் பாரம் ஆண்டுதோறும் ஒரே அளவு. இரண்டாவதில் தொடக்கத்திலேயே பெரும்பாரம். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே முறையைத்தான் பின்பற்றுகின்றனவா என்று பாருங்கள். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, ஏனென்றால் அதன் ஆயுளுக்கு வரம்பில்லை. சுரங்கமும் கல்குவாரியும் இதற்கு விதிவிலக்கு. தோண்டத் தோண்டத் தீர்ந்துபோவதால் அவற்றை எழுதிக் கழிப்பார்கள்.

இப்போது அதே இயந்திரத்தின் ஆயுளை 10 ஆண்டு என்பதற்குப் பதிலாக 15 என்று நிர்வாகம் மாற்றுகிறது என்று கொள்ளுங்கள். தேய்மானம் 9-லிருந்து 6 ஆகிறது. ஒரு பொருள் கூடுதலாக விற்கவில்லை, ஒரு செலவைக்கூடக் குறைக்கவில்லை. லாபம் மட்டும் 3 கூடிவிட்டது. என்னைக் கேட்டால், நிலையான சொத்துகளைப் பற்றிய பக்கங்களில் புதியவர் முதலில் தேடிப் பிடிக்க வேண்டிய வாக்கியம் இதுதான்: "இவ்வாண்டு பயன்பாட்டு ஆயுள் மறுபரிசீலனை செய்யப்பட்டது." பெரும்பாலும் அது ஒரு நீண்ட பத்தியின் நடுவே சிறிய எழுத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆயுளை நீட்டுவதெல்லாம் மோசடி ஆகிவிடாது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2023 தொடக்கத்தில் தன் சர்வர்களின் ஆயுளை 4 ஆண்டிலிருந்து 6 ஆண்டாக உயர்த்தியது. அதை வெளிப்படையாக அறிவித்தது, லாபத்தில் அதன் தாக்கம் எவ்வளவு என்றும் சொன்னது. அமேசான் 2024-ல் 5-லிருந்து 6 ஆக்கிவிட்டு, செயற்கை நுண்ணறிவு வளரும் வேகத்தைக் காரணம் காட்டி 2025-ல் ஒரு பகுதி சர்வர்களுக்கு மீண்டும் 5 ஆகக் குறைத்தது. ஒரே வகைப் பொருளுக்குப் பெரிய நிறுவனங்களே இப்படி முன்னும் பின்னும் போகின்றன என்றால், ஆயுள் என்பது எவ்வளவு தூரம் கணிப்பு என்பது விளங்கும்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் குப்பை அள்ளும் தொழில் செய்த வேஸ்ட் மேனேஜ்மென்ட் நிறுவனம் 1992 முதல் 1997 வரை தன் குப்பை லாரிகளின் ஆயுளை ஆதாரமின்றி நீட்டியது. எறிமதிப்பே இல்லாத பொருள்களுக்கும் எறிமதிப்பு போட்டது. இப்படியும் வேறு வழிகளிலும் ஊதிய லாபத்தை 1998-ல் திருத்தியபோது, திருத்தம் 170 கோடி டாலரைத் தொட்டது.

நான்காம் படி: இணைப்புக் குறிப்பில் உள்ள அட்டவணையைத் திறங்கள்

இருப்புநிலைக் குறிப்பில் தெரிவது ஒற்றை வரி. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எண் இருக்கும். அது இணைப்புக் குறிப்பின் எண். அந்தப் பக்கத்துக்குப் போனால் நிலம், கட்டடம், இயந்திரம், வாகனம் எனப் பிரித்து ஓர் அகலமான அட்டவணை விரியும். பலர் அதைப் பார்த்ததுமே பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். நான் ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் அதிக நேரம் செலவிடுவது அங்கேதான்.

இயந்திரங்கள் என்ற ஒரே பத்தியை எடுத்து நிதானமாகப் படிப்போம். எண்கள் கற்பனை, கோடியில்.

தொடக்க அடக்கவிலை: 400
இவ்வாண்டு சேர்த்தவை: 60
விற்றவை, கழித்தவை: 20
இறுதி அடக்கவிலை: 440

தொடக்கத்தில் திரண்ட தேய்மானம்: 250
இவ்வாண்டுத் தேய்மானம்: 40
விற்றவற்றின் தேய்மானம் நீக்கம்: 18
இறுதியில் திரண்ட தேய்மானம்: 272

ஏட்டு மதிப்பு: 440 – 272 = 168

இருப்புநிலைக் குறிப்புக்குப் போவது அந்த 168 மட்டும். அது தனியாக நின்று எதையும் சொல்லாது. அட்டவணை சொல்லும். 272-ஐ 440-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 62 சதவீதம்: இந்த இயந்திரங்களின் விலையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே செலவாக எழுதப்பட்டுவிட்டது. 272-ஐ ஆண்டுத் தேய்மானமான 40-ஆல் வகுத்தால் 6.8: நேர்கோட்டு முறையில் இயந்திரங்களின் சராசரி வயது ஏறத்தாழ ஏழு ஆண்டு. 168-ஐ 40-ஆல் வகுத்தால் 4.2: கணக்குப்படி இன்னும் நான்கு ஆண்டு உழைக்கும். நிர்வாகத்தின் உரையில் "நவீன ஆலை" என்று வருமிடத்தில், இந்த எண்களைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சேர்த்தது 60, தேய்ந்தது 40. ஒன்றரை மடங்கு. நிறுவனம் தேய்வதைவிட வேகமாகப் புதிதாக வாங்குகிறது. ஒற்றை ஆண்டை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஐந்தாண்டு அறிக்கைகளை அடுக்கி இந்த விகிதத்தை மட்டும் எழுதுங்கள். தொடர்ந்து ஒன்றுக்கும் கீழே இருந்தால், பழையதைப் புதுப்பிக்காமலே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்கொள்ள இடமுண்டு. அப்படிப்பட்ட ஆண்டுகளில் லாபமும் பங்காதாயமும் நன்றாகவே தெரியும். கூரை ஒழுகும் வீட்டை வெள்ளையடித்து வைத்திருப்பதைப் போன்றது அது. என் பணம் கரைந்த ஆலையின் பழைய அறிக்கைகளைப் பின்னர் எடுத்துப் பார்த்தேன். ஐந்து ஆண்டுகளாக அந்த விகிதம் 0.3-ஐத் தாண்டவே இல்லை. அத்தனையும் அச்சில் இருந்தது.

விற்றவற்றையும் விடாதீர்கள். 20 அடக்கவிலை, 18 தேய்மானம், ஆக ஏட்டு மதிப்பு 2. அதை 5-க்கு விற்றிருந்தால் 3 லாபம். அந்த 3 லாப நட்டக் கணக்கில் இதர வருமானத்தில் போய் உட்காரும். இயந்திரம் விற்று வந்த லாபம் தொழில் லாபம் அல்ல. அடுத்த ஆண்டு அது வராது. அதைக் கழித்துவிட்டு லாபத்தைப் பாருங்கள்.

நிலத்துக்கான பத்தியில் கதை வேறு. பல பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய நிலம் இன்றும் அன்றைய விலையிலேயே நிற்கலாம். அங்கே ஏட்டு மதிப்பு உண்மை மதிப்புக்கு வெகு கீழே இருக்கும். ஒரே அட்டவணையில் ஒரு பத்தி மிகையாகவும் அடுத்த பத்தி குறைவாகவும் சொல்வது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். இரண்டுமே அடக்கவிலையிலிருந்து வந்த எண்கள், அவற்றில் எதுவும் சந்தை விலை அல்ல என்று நினைவில் வைத்தால் வியப்பு போய்விடும்.

ஐந்தாம் படி: முடிவுறாத மூலதனப் பணிகளைத் துருவிப் பாருங்கள்

கட்டிக்கொண்டிருக்கும் ஆலை, பொருத்திக்கொண்டிருக்கும் இயந்திரம் இவையெல்லாம் தனி வரியில் வரும். பயன்பாட்டுக்குத் தயாராகும் வரை இவற்றுக்குத் தேய்மானம் கிடையாது. வட்டியும் பெரும்பாலும் இதற்குள்ளேயே போய்விடும். ஆகவே பணி முடியாத வரை லாபத்தின் மேல் இதன் பாரம் விழாது. பணி முடிந்து சொத்தாக மாறியதும் தேய்மானமும் வட்டியும் ஒருசேர இறங்கும். அந்த ஆண்டு லாபம் சட்டென்று சரிவதைப் பார்த்துப் பதற்றப்பட வேண்டாம், ஆனால் முன்கூட்டியே எதிர்பார்த்திருங்கள்.

கவலைப்பட வேண்டியது, இந்த எண் மூன்று நான்கு ஆண்டுகளாக அசையாமல் நிற்கும்போது. திட்டம் கைவிடப்பட்டிருக்கலாம், அதை நட்டமாக எழுத நிர்வாகத்துக்கு மனம் வராமல் இருக்கலாம். எந்தத் திட்டம், எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்று அறிக்கையில் தேடுங்கள். எங்குமே பதில் இல்லாவிட்டால், அந்தத் தொகையை உங்கள் கணக்கில் பூஜ்யமாக வைத்துப் பார்த்துவிட்டு அதன் பிறகு முடிவெடுங்கள்.

ஆறாம் படி: மதிப்பிழப்பும் மறுமதிப்பீடும்

ஒரு சொத்து தன் ஏட்டு மதிப்பைச் சம்பாதித்துத் தராது என்று தெரிந்தால், அதை உடனே குறைத்து எழுத வேண்டும். இது மதிப்பிழப்பு. விற்றால் செலவு போக வரும் தொகை, வைத்து ஓட்டினால் வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு, இவ்விரண்டில் எது அதிகமோ அதைவிட ஏட்டு மதிப்பு கூடுதலாக இருந்தால் கூடுதல் முழுவதும் நட்டம். "இது ரொக்கம் சாராத, ஒருமுறை மட்டுமே வரும் செலவு" என்று நிர்வாகங்கள் இதைத் தள்ளிவிடச் சொல்லும். நான் தள்ளுவதில்லை. ரொக்கம் அன்றே போய்விட்டது. அது வீணானது என்று ஒப்புக்கொள்வதுதான் இன்று நடக்கிறது. அந்த "ஒருமுறை" சில ஆண்டுகளுக்கொரு முறை வந்துகொண்டே இருந்தால், முதலீட்டு முடிவுகளை எடுப்பவர்கள் மீதுதான் கேள்வி எழுப்ப வேண்டும்.

மறுமதிப்பீடு இதற்கு நேரெதிர்த் திசை. சர்வதேசத் தரநிலைகள், நிலம் கட்டடம் போன்றவற்றை இன்றைய மதிப்புக்கு உயர்த்தி எழுத அனுமதிக்கின்றன. ஆனால் ஒரு வகையில் ஒன்றை உயர்த்தினால் அந்த வகை முழுவதையும் மதிப்பிட வேண்டும். அமெரிக்க விதிகளில் இந்த உயர்த்தலுக்கு இடமே இல்லை. கூடிய தொகை பொதுவாக லாபத்துக்குப் போகாமல் பங்குதாரர் நிதியில் மறுமதிப்பீட்டு ஒதுக்கமாக நிற்கும். கடன் சுமை அதிகமுள்ள நிறுவனம் திடீரென்று நிலத்தை மறுமதிப்பிட்டால் கவனியுங்கள்: சொந்த நிதி பெரிதாகத் தெரியும், கடன் விகிதம் அழகாகத் தெரியும், கையில் ஒரு காசும் கூடியிருக்காது.

ஏழாம் படி: தொட முடியாதவையும் குத்தகையும்

மென்பொருள், காப்புரிமை, உரிமங்கள் போன்ற புலனாகாச் சொத்துகள் தனி வரியில் வரும். நற்பெயர் என்றொரு வரி இருந்தால், வேறொரு நிறுவனத்தை அதன் நிகரச் சொத்தைவிடக் கூடுதல் விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கூடுதல்தான் அது. தானே வளர்த்த நல்ல பெயரை எந்த நிறுவனமும் சொத்தாக எழுத முடியாது.

குத்தகையில் முக்கியமான மாற்றம் ஒன்று நடந்தது. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தரநிலையின்படி, நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்த கடையும் விமானமும் பயன்பாட்டு உரிமைச் சொத்து என்று இருப்புநிலைக் குறிப்பில் ஏறுகின்றன. எதிர்ப்பக்கத்தில் செலுத்த வேண்டிய குத்தகை கடனாக ஏறுகிறது. அதனால் 2018 அறிக்கையையும் 2019 அறிக்கையையும் பக்கத்தில் வைத்தால் சில நிறுவனங்களின் சொத்தும் கடனும் ஒரே ஆண்டில் ஊதிப்போனதுபோல் தோன்றும். புதிதாக எதுவும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

எட்டாம் படி: ரொக்கத்தோடு ஒட்டிப் பாருங்கள்

கடைசியாக, அட்டவணையை வைத்துக்கொண்டு ரொக்க ஓட்ட அறிக்கைக்குப் போங்கள். முதலீட்டு நடவடிக்கைகள் என்ற தலைப்பின் கீழ், சொத்துகள் வாங்கப் போன ரொக்கம் இருக்கும். அட்டவணையில் சேர்த்தது 60. ரொக்கம் போனது 52 என்றால், மிச்சம் 8 எங்கே? விற்றவருக்கு இன்னும் கொடுக்காமல் பாக்கி வைத்திருக்கலாம், சென்ற ஆண்டே முன்பணம் கொடுத்திருக்கலாம், முடிவுறாத பணியிலிருந்து மாறி வந்திருக்கலாம். இந்த மூன்று இடங்களையும் பார்த்தால் பெரும்பாலும் கணக்கு ஒத்துப்போகும். ஒத்துப்போகவில்லை என்றால் தணிக்கையாளர் அறிக்கையைத் திறந்து, சொத்துகளை நேரில் போய்ச் சரிபார்த்தார்களா, நிலப் பத்திரங்கள் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கின்றனவா, தணிக்கையாளர் தன் கவனத்துக்குரிய விஷயங்களாக எதைக் குறிப்பிட்டிருக்கிறார் என்று படியுங்கள். இவ்வளவும் செய்ய, முதல்முறை ஒரு மாலைப்பொழுது முழுதாகப் போகும். நான்காவது ஐந்தாவது நிறுவனத்துக்கு வரும்போது அரை மணி நேரம் போதும்.